சிரப் கொடுக்கச் சொல்லும் போன் கொஞ்சம் முன்னால் வரட்டும்

மதிப்பிற்குரிய மயக்கவியல் மருத்துவர்களுக்கும், அறுவை மருத்துவர்களுக்கும், தினமும் ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தைகளைத் தயார் செய்யும் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். பதற்றம் தணிய நீங்கள் முன்மருந்தாக எழுதிக்கொடுக்கும் மிடசோலம் சிரப்பைப் பிள்ளையின் வாயில் ஊற்றுகிறவள். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது உங்கள் வேலை. அதில் தலையிட வரவில்லை. எப்போது கொடுக்கிறோம், கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். அந்த நேரத்தில் நீங்கள் தியேட்டருக்குள் இருக்கிறீர்கள். வெளியே பிள்ளையோடு இருப்பது நாங்கள்.

வழக்கமாக நடப்பது இது. உள்ளே முதல் கேஸ் முடிந்திருக்கும். போன் வரும்: "அடுத்த பிள்ளைக்கு மிடசோலம் கொடுத்திடுங்க சிஸ்டர்." கொடுத்துவிட்டு நேரத்தைக் குறித்து வைப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கும். மருந்து இன்னும் வயிற்றைத் தாண்டியிருக்காது. பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும். உள்ளே நாலு பேர் கையையும் காலையும் பிடிக்க, முகத்தில் மாஸ்க்கை அமுக்கி மயக்கம் கொடுப்பார்கள். கேஸ் ஷீட்டில் "முன்மருந்து கொடுக்கப்பட்டது" என்று இருக்கும். கொடுத்தது உண்மைதான். அது வேலை செய்ய நேரம் இருந்ததா என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

வாய்வழியாகக் கொடுக்கும் மிடசோலம் பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மொத்த அளவு 15, அதிகம் போனால் 20 மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை. நரம்பில் போடுவதோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். குடலில் உறிஞ்சப்பட்ட மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் போகிற வழியிலேயே உடைத்துவிடுவதால், குடித்ததில் மூன்றில் ஒரு பங்கு போல, சில பிள்ளைகளுக்கு அதற்கும் குறைவாகத்தான், ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. பத்து நிமிடத்தில் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். 20 முதல் 30 நிமிடத்தில் நன்றாகப் பிடிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறங்கத் தொடங்கும். இதெல்லாம் மருத்துவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் லிஸ்ட் போடுகிறவருக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளி வருகிறவருக்கும், போனில் கூப்பிடுகிறவருக்கும் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு சிரப். குடித்தாயிற்று, கிளம்பலாம்.

சரியான நேரம் கிடைத்த பிள்ளையை நீங்கள் ஒரு முறை வார்டில் வந்து பார்க்க வேண்டும். முதலில் கண் சிமிட்டுவது மெதுவாகும். பிறகு காரணமில்லாமல் ஒரு சிரிப்பு. கையிலிருக்கும் பொம்மையை எடுக்கப் போய், பக்கத்தில் காற்றைப் பிடிக்கும். பேச்சு குழறும். அம்மாவின் மடியிலிருந்து நான் தூக்கினால் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்துவிடும். தூங்காது, தூங்க வேண்டியதும் இல்லை. மாஸ்க்கைக் காட்டினால் அதையும் ஒரு விளையாட்டுச் சாமானாகப் பார்க்கும். அந்த நேரத்தில் நடப்பது பலவும் பின்னால் அதற்கு ஞாபகம் இருக்காது. இந்தப் பிள்ளையையும், முன்னால் சொன்ன அலறும் பிள்ளையையும் பிரிப்பது ஒரு இருபது நிமிடம். மருந்தும் அளவும் ஒன்றேதான்.

நேரம் தவறுவது இன்னொரு பக்கமும் நடக்கும். சிரப் கொடுத்தாயிற்று, பிள்ளை பதமாக இருக்கிறது, அப்போது பார்த்து உள்ளே கேஸ் இழுக்கும். ரத்தக்கசிவு நிற்கவில்லை, ஏதோ ஒரு கருவி வரவில்லை, அல்லது ஒரு அவசர கேஸ் நடுவில் நுழைந்துவிட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனபோது மருந்து இறங்கிவிடும். பாதி போதை, பாதி விழிப்பு, காலையிலிருந்து பட்டினி. அந்தப் பிள்ளையைச் சமாளிப்பது, மருந்தே கொடுக்காத பிள்ளையைச் சமாளிப்பதைவிடக் கஷ்டம். இன்னொரு டோஸ் கொடுக்கலாமா என்று கேட்டால், முதல் டோஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது நிச்சயமில்லாததால் நீங்கள் தயங்குவீர்கள். தயங்குவது சரிதான்.

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கேஸ் முடிந்ததும் வரும் போன், தையல் போட ஆரம்பிக்கும்போதே வரட்டும். பெரும்பாலான கேஸ்களில் தையல் போட்டு, பிள்ளையை எழுப்பி, தியேட்டரைத் துடைத்து, அடுத்ததற்குத் தயார் செய்ய எப்படியும் இருபது முப்பது நிமிடம் ஆகும். மருந்துக்கு வேண்டியதும் அதே நேரம்தான். அதிகச் செலவும் இல்லை, கூடுதல் ஆளும் வேண்டாம். டான்சில் மாதிரி தையல் போடாத கேஸ்களில் ரத்தக்கசிவு நின்றதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம். சின்னச் சின்ன கேஸ்கள் அடுத்தடுத்து வரும் நாளில் இது சிக்கல்தான். அன்றைக்கு ஒரு கேஸ் முன்னதாகவே கணக்குப் பண்ண வேண்டியிருக்கும். அதையும் லிஸ்ட்டிலேயே எழுதிவிடலாம்: எந்தப் பிள்ளைக்கு முன்மருந்து, எப்போது கொடுக்க வேண்டும், கொடுத்த பின் எத்தனை மணிக்குள் உள்ளே எடுக்க வேண்டும் என்று. முன்மருந்து வேண்டிய பிள்ளையை முதல் கேஸாகவே போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். முதல் கேஸ் கிளம்பும் நேரம் ஒன்றுதான் அநேகமாகக் கடிகாரத்தை ஒட்டி நடக்கிறது.

அடுத்து, அந்த மருந்து எழுதப்படும் விதம். குழந்தைகளுக்கென்று தயாரித்த மிடசோலம் சிரப் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் ஊசி மருந்தைத்தான் இனிப்பான ஏதாவதொன்றில் கலந்து கொடுக்கிறார்கள். அந்த ஊசி மருந்து ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது, 5 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. "மிடசோலம் 2 மில்லி" என்று நீங்கள் எழுதினால், கையில் எந்தக் குப்பி இருக்கிறதோ அதைப் பொறுத்து அது 2 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 10 மில்லிகிராமாகவும் இருக்கலாம். பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. தயவுசெய்து மில்லிகிராமில் எழுதுங்கள், பக்கத்திலேயே எடையையும் எழுதுங்கள். அந்த எடை அன்று காலை எங்கள் தராசில் பார்த்ததாக இருக்கட்டும். போனில் சொல்லும் அளவை நான் திருப்பிச் சொன்னால் எரிச்சல்படாதீர்கள்.

அப்புறம் கசப்பு. இதைக் குடித்துப் பார்த்த மருத்துவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், போதும். எந்தச் செர்ரி சுவையும் அந்தக் கசப்பை முழுதாக மறைப்பதில்லை. கப்பில் கொடுத்தால் முதல் மடக்கோடு பிள்ளை வாயை மூடிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் விழுங்கியதைப் பார்த்த பிறகு தள்ள வேண்டும். பெரும்பாலும் அம்மா கையால் கொடுத்தால் போகிறது. மூக்கைப் பிடித்து ஊற்றினால் பாதி சட்டையில் இருக்கும், மீதி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. பதற்றத்தைக் குறைக்கக் கொடுக்கும் மருந்தைப் பிள்ளையை அமுக்கிப் பிடித்துக் கொடுப்பதில் என்ன அர்த்தம்? துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது நான் உங்களைக் கூப்பிடுவேன். நானாக மறுபடி கொடுக்க மாட்டேன். இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடமும் உங்கள் கணக்கில் சேரட்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். சில இடங்களில் வயதைப் பார்த்து மொத்தமாக எழுதிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை யார் தூக்கினாலும் வந்துவிடும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்கள்தான் அதிகம் தவிப்பவர்கள். அம்மாவைப் பிரிவது தெரியும், ஏன் என்று புரியாது. ஏற்கெனவே ஒரு தடவை மோசமான அனுபவம் பட்ட பிள்ளை, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே விறைத்துப்போகிற பிள்ளை, இவர்களுக்கு வயது எதுவானாலும் தேவைப்படலாம். சத்தம் போடாமல் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பயம்தான்; அழுகிற பிள்ளைக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் மருத்துவர் ஸீவ் கெய்னும் அவரது குழுவும் 1990-களில் உருவாக்கிய பதற்ற அளவுகோல் இருக்கிறது. பிள்ளையின் அசைவு, குரல், முகபாவம், விழிப்பு நிலை, பெற்றோரைப் பற்றிக்கொள்ளும் விதம் என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது. அதை முழுதாகப் போட எங்களுக்கு நேரம் இருக்காது. ஆனால் "இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் டாக்டர், நன்றாகப் பேசிக்கொண்டு இருக்கிறான்" என்று நாங்கள் சொன்னால் அது அரை மணி நேரம் கூட இருந்து பார்த்துச் சொல்வது.

கொடுக்கவே யோசிக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைகள் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) ஆபரேஷனுக்குத்தான் வருகிறார்கள். மயக்க மருத்துவர் பார்க்கும் குழந்தை கேஸ்களில் இது சாதாரணமான ஒன்று. அதே பிள்ளைகளுக்குத்தான் இந்த மருந்து மூச்சை அழுத்தும் அபாயமும் கூடுதல். மூச்சுப்பாதையில் சிக்கல் உள்ளவர்கள், மூளை அழுத்தம் கூடியவர்கள், ஏற்கெனவே மந்தமாக இருப்பவர்கள் பற்றியும் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சளிக்கு எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மிடசோலம் உடலில் அதிகமாகச் சேரும், கூடுதல் நேரம் நிற்கும். பெற்றோரிடம் "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டால் இதைச் சொல்ல மாட்டார்கள்; போன வாரம் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மாற்று மருந்துகள் இருக்கின்றன, தெரியும். டெக்ஸ்மெடடோமிடினை மூக்கில் விட்டால் கசப்பு இல்லை, மிடசோலம் மூக்கில் எரிவதுபோல் எரிவதும் இல்லை. ஆனால் 30 முதல் 45 நிமிடம் வேண்டும், நாடித்துடிப்பு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோனிடின் மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். கீட்டமைன் குடிக்கக் கொடுத்தால் எச்சில் ஊறும், முழிக்கும்போது சில பிள்ளைகள் மிரளும். எதை எடுத்தாலும் நேரக் கணக்கு வந்துவிடுகிறது. மருந்தை மாற்றி நேரப் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்று நினைத்தால் அது தீராது, கூடத்தான் செய்யும்.

நேரம் மிச்சமாகட்டும் என்று சிலர் எடுக்கும் குறுக்குவழி ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். "வரும்போதே வீட்டில் கொடுத்துக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று தூக்கம் வரவைக்கும் டிரைக்ளோஃபாஸ் சிரப்பையோ குளோரல் ஹைட்ரேட்டையோ கையில் கொடுத்து அனுப்புவது. ஸ்கேனுக்கு வரும் பிள்ளைகளிடம் இது அதிகம் நடக்கிறது. பிள்ளை காரில் பின்சீட்டில் தூங்குகிறது என்று பெற்றோர் சந்தோஷப்படுவார்கள். தலை முன்னால் தொங்கி மூச்சுப்பாதை மடங்குவது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கொடுத்தும், மருந்து தெளியாமல் காரில் திரும்பும்போதும் பிள்ளைகள் மூச்சு நின்று இறந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மயக்கம் தரும் எந்த மருந்தையும் பயிற்சி பெற்றவர்களின் நேரடிக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

வார்டில் கொடுத்தாலும் கண்காணிப்பு எங்கள் தலையில்தான். விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டர், கட்டிலருகே ஆக்சிஜனும் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கும், எட்டும் தூரத்தில் மிடசோலத்தின் வேலையை முறிக்கும் ஃப்ளூமசெனில், கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியும் தூக்கிவிட்டது, இவ்வளவும் வேண்டும். சிரப் குடித்த பிள்ளையை நடக்க விடக் கூடாது. பாத்ரூமுக்கு எழுந்து போய் விழுந்து நெற்றியைப் பெயர்த்துக்கொள்ளும். ஒரே நர்ஸ் ஆறு கட்டிலைப் பார்க்கும் காலையில் மூன்று பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் முன்மருந்து எழுதினால் எப்படிப் பார்ப்பது? நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தே இல்லாமல் எவ்வளவோ செய்யலாம் என்றும் எனக்குத் தெரியும். கெய்னின் குழுவே 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீடியோ காட்டி, மாஸ்க்கை வீட்டுக்கே கொடுத்தனுப்பிப் பழக்கி, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து அழைத்துவந்த பிள்ளைகள் மயக்கத்துக்கு முன் பதற்றம் குறைந்திருந்தார்கள். பிறகு வலிமருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். அந்தப் பயிற்சியில் பெற்றோருக்குச் சொன்ன ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது: அளவுக்கு மீறித் தேற்றாதீர்கள். "ஒண்ணும் ஆகாது கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று பத்துத் தடவை சொன்னால், ஏதோ ஆகப்போகிறது என்றுதான் பிள்ளைக்குப் படும். அதற்குப் பதில் கதை பேசலாம், எதையாவது எண்ணச் சொல்லலாம், போனில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுக்கலாம். பெற்றோர் உள்ளே வந்து கூட நிற்பது மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் உதவாது. 1998-ல் இதே குழு ஒப்பிட்டபோது, பெற்றோர் கூட இருந்ததைவிட மிடசோலம்தான் பதற்றத்தை நன்றாகக் குறைத்தது. நடுங்கிக்கொண்டு நிற்கும் அப்பாவைப் பார்த்தால் பிள்ளையும் நடுங்கும். தைரியமாக இருப்பவரை உள்ளே விடுங்கள், அவ்வளவுதான்.

பட்டினியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தாகமாக இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் அழுகையைப் பயம் என்று நினைத்து மருந்து எழுதிவிடுகிறோம். பிரிட்டன்-அயர்லாந்து, பிரான்ஸ் குழந்தை மயக்கவியல் சங்கங்களும் ஐரோப்பியச் சங்கமும் 2018-லேயே, தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்தை மயக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்று கூடிச் சொல்லிவிட்டன. அமெரிக்கச் சங்கம் இரண்டு மணி நேரம் என்கிறது. எதையாவது ஒன்றைப் பின்பற்றுங்கள். "நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் கிடையாது" என்று எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள்.

இவ்வளவு பிரயாசை எதற்கு, எப்படியும் மயக்கம் வந்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மயக்கம் வருவதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். 1996-ல் கெய்னும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் 54 சதவீதப் பிள்ளைகளிடம் நடத்தையில் ஏதோ ஒரு கெட்ட மாற்றம் தெரிந்தது: கெட்ட கனவு, தனியாகத் தூங்க மறுப்பது, படுக்கையை நனைப்பது, காரணமில்லாத அடம். ஆறு மாதத்தில் இது 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு வருடம் ஆன பிறகும் 7 சதவீதம் பேரிடம் இருந்தது. உங்கள் தியேட்டர் குறிப்பில் இது வராது. அந்தப் பிள்ளை அடுத்த தடவை காது ஆபரேஷனுக்கு வந்து வார்டு வாசலிலேயே தரையில் படுத்துப் புரளும்போது எங்களுக்குத் தெரியவரும்.

பெற்றோரிடம் நீங்கள் பேசும்போது ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு மிடசோலம் நேர்மாறாக வேலை செய்யும்; அமைதியாவதற்குப் பதிலாகக் கத்தி, அடித்து, ஆளைத் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். நீங்கள் இரண்டு வாக்கியத்தில் முன்பே சொல்லியிருந்தால், அந்த அம்மா "என் பிள்ளைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக் கேட்க வேண்டியிருக்காது. அப்படி நடந்த பிள்ளையின் கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியும் வையுங்கள், அடுத்த தடவை வேறு மருந்து யோசிக்கலாம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதம் மட்டும் முயற்சி செய்து பாருங்கள். தையல் ஆரம்பிக்கும்போது கூப்பிடும் வேலையைத் தியேட்டரில் ஒருவர் பெயரில் போடுங்கள். "யாராவது கூப்பிடுவாங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் கேஸ் ஷீட்டில் இரண்டு நேரம் குறிக்கிறேன்: சிரப் முழுதாக உள்ளே போன நேரம், பிள்ளை எங்கள் வாசலைத் தாண்டிய நேரம். பிள்ளை எப்படி மயக்கத்துக்குப் போனது என்று உங்களில் ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும். மாதக் கடைசியில் துறைக் கூட்டத்தில் அந்தத் தாள்களை மேசையில் வைத்துப் பேசலாம். எனக்கு நைட் டியூட்டி இருந்தாலும் அன்று வருகிறேன்.

இப்படிக்கு,
வார்டு பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ்